குப்பைத்தொட்டி காலி... ஆனால் குப்பை எங்கேயும் போகவில்லை!

"நீக்கு" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினால் நீங்க வேண்டும். இது எல்.கே.ஜி. பிள்ளைக்குக் கூடப் புரியும். புரியாதது ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான். கணினியில் நிறுவிக்கொள்கிற மின்னஞ்சல் மென்பொருள்களை எழுதுகிற பொட்டி தட்டும் பெருமக்கள்!

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். சின்னதாக ஓர் ஆடிட்டர் அலுவலகம். அங்கே ஒரு குமாஸ்தா. மேசையில் ஒரு பழைய கணினி, அதில் தண்டர்பேர்ட். எட்டொன்பது வருஷத்து மடல்கள். கட்சிக்காரர்கள் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், பான் அட்டை நகல், சம்பளப் பட்டியல், விற்பனை வரிக் காலத்துக் காகிதங்கள் என்று சகலமும் இன்பாக்ஸில்தான். ஒரு நாள் சி டிரைவ் சிவப்பாகிவிடுகிறது. இடமில்லை என்கிறது விண்டோஸ். குமாஸ்தா நல்ல மனுஷர். உட்கார்ந்து நாலாயிரம் மடல்களைப் பொறுக்கி எடுத்து அழிக்கிறார். குப்பைத்தொட்டியையும் காலி செய்கிறார். நிமிர்ந்து உட்கார்ந்து சி டிரைவைப் பார்க்கிறார்.

அதே சிவப்பு. ஒரு இம்மி குறையவில்லை.

போதாக்குறைக்கு, தண்டர்பேர்டின் இடப்பக்கத்தில் அவர் உருவாக்காத ஓர் அடைவு முளைத்திருக்கிறது. பெயர் "என்எஸ்டிஎம்பி". பக்கத்திலேயே "என்எஸ்டிஎம்பி-1". திறந்தால் உள்ளே அவருடைய மடல்களே மறுபடியும்! மனிதர் "ஙே" என்று விழிக்கிறார். வைரஸோ?

பக்கத்துத் தெருவில் கணினி சரிசெய்கிறவரைக் கூப்பிடுகிறார். வந்தவர் ரெண்டு தடவை சுட்டியை ஆட்டிவிட்டு, "சார், ஃபார்மட் பண்ணிடலாம். இல்லேன்னா பழச வித்துட்டுப் புதுசு வாங்கிடுங்க" என்கிறார். "தம்பி, அதான் எல்லாத்தையும் அழிச்சிட்டேனே, அப்புறம் எதுக்கு?" என்று கேட்கிறார் குமாஸ்தா. தம்பியிடம் பதில் இல்லை. தம்பி மேல் தப்பும் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள்.

அழித்தால் இரண்டாகும் மாயம்

தண்டர்பேர்ட் மடல்களை எம்பாக்ஸ் என்ற வடிவத்தில் வைத்துக்கொள்கிறது. யூனிக்ஸ் காலத்துச் சமாச்சாரம், 1970களிலிருந்து இருப்பது. ஓர் அடைவுக்கு ஒரே ஒரு கோப்பு. இன்பாக்ஸில் பத்தாயிரம் மடல் இருந்தாலும் வன்தட்டில் "இன்பாக்ஸ்" என்று பின்னொட்டு எதுவும் இல்லாத ஒரே கோப்புதான். மடல்கள் அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக, நீளமான துணிச்சுருள் மாதிரி ஒட்டிக்கிடக்கும். பக்கத்திலேயே எம்எஸ்எஃப் என்ற பின்னொட்டோடு சின்னதாக ஒரு கோப்பு இருக்கும். அது வெறும் அட்டவணை. எந்த மடல் எங்கே ஆரம்பிக்கிறது, படித்ததா படிக்காததா என்கிற விவரம் அதில்.

ஒரு மடலை நீக்கும்போது என்ன நடக்கிறது? அந்த மடலின் தலைப்பகுதியில் "எக்ஸ்-மோசில்லா-ஸ்டேட்டஸ்" என்று ஒரு வரி உண்டு. அதில் உள்ள எண்ணில் "நீக்கப்பட்டது" என்பதற்கான குறி ஏறும். படித்த மடல் என்றால் 0001 என்று இருந்தது 0009 ஆகும். அவ்வளவுதான்! மடல் இருந்த இடத்திலேயே இருக்கும். மேலே ஒரு போர்வை மட்டும் போர்த்தப்பட்டிருக்கும். இன்பாக்ஸ் கோப்பை நோட்பேடில் திறந்தால் அனுப்பியவர் பெயர், பொருள், தேதி எல்லாம் பளிச்சென்று தெரியும்.

இதைவிட வேடிக்கை இருக்கிறது. நீக்கிய மடல் குப்பைத்தொட்டிக்குப் போகிறதல்லவா? குப்பைத்தொட்டியும் ஒரு தனி எம்பாக்ஸ் கோப்பு. ஆகவே மடல் அங்கே "நகர்வது" இல்லை, நகல் எடுக்கப்படுகிறது. அசல் இன்பாக்ஸில் போர்வைக்குள், நகல் குப்பையில். ஒரு மடலை அழித்தால் இரண்டு மடல்! விட்டலாச்சார்யா படத்தில் கூட ஒருவரை வெட்டினால் இருவராகும் காட்சிக்கு முன்னால் கொஞ்சம் புகை வரும். இங்கே அதுவும் இல்லை.

குமாஸ்தா குப்பைத்தொட்டியைக் காலி செய்தபோது நகல் போனது. அசல்? அப்படியே இன்பாக்ஸில். அதனால்தான் சி டிரைவ் அசையவில்லை.

இன்பாக்ஸிலிருந்து வேறொரு அடைவுக்கு மடலை இழுத்துப் போட்டாலும் இதே கதைதான். பழைய இடத்தில் ஒன்று கிடக்கும், புதிய இடத்தில் ஒன்று இருக்கும்.

எஞ்சி நிற்கும் எச்சங்கள்

இந்தப் போர்வைக் குவியலை அப்புறப்படுத்த ஒரு கட்டளை உண்டு. பெயர் "காம்பாக்ட்". அதாவது சுருக்கு. அது செய்கிற வேலை இது: "என்எஸ்டிஎம்பி" என்று ஒரு தற்காலிகக் கோப்பைத் திறக்கும். குறி விழாத மடல்களை மட்டும் அதில் படியெடுக்கும். எல்லாம் முடிந்ததும் பழைய கோப்பை எடுத்துவிட்டு, புதியதை அந்த இடத்தில் வைக்கும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடுவில் கரண்ட் போனால்? வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் அந்த நேரம் பார்த்து இன்பாக்ஸ் கோப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு ஆராய்ந்தால்? பொறுமை இழந்த பயனர் கணினியை அணைத்துவிட்டால்? பழையது பழையபடி இருக்கும், பாதியில் நின்ற தற்காலிகக் கோப்பும் கிடக்கும். அடுத்தமுறை தண்டர்பேர்ட் எழுந்ததும், மடல் கோப்புறையில் பின்னொட்டில்லாத ஒரு கோப்பைப் பார்த்து, "ஓ, இதுவும் ஓர் அடைவு போலிருக்கிறது" என்று இடப்பக்கத்தில் கொண்டுவந்து மாட்டிவிடும். தான் பெற்ற பிள்ளையைத் தானே அடையாளம் தெரியாமல் "யாரப்பா நீ?" என்று கேட்கிற கதை!

இன்னொரு கொடுமை. சுருக்குவதற்கு முதலில் காலி இடம் வேண்டும். புதிய கோப்பை எழுதி முடித்த பிறகுதானே பழையது போகும்? இடம் இல்லாததால் சுருக்க வந்தவரிடம், இடம் இல்லை, முதலில் சில கோப்புகளை அழித்துவிட்டு வாருங்கள் என்று சொன்னால் அவர் எங்கே போவார்? அழித்துவிட்டுத்தானே வந்திருக்கிறார், பாவம்.

தண்டர்பேர்ட் மட்டுமா?

இலவச மென்பொருள் என்றால் இப்படித்தான் என்று யாரும் குதிக்க வேண்டாம். காசு வாங்கினவர்கள் செய்தது இதைவிட மோசம்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அலுவலகங்களில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ்தான் ராஜா. அதன் கோப்புகள் டிபிஎக்ஸ் வகை. அங்கேயும் அழித்தால் கோப்பு சிறுக்காது. ஒரு கோப்பு 2 ஜிபியைத் தொட்டால் அடைவே மூச்சடைத்து நிற்கும். 2004-ல் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2-க்குப் பிறகு ஓர் ஏற்பாடு செய்தார்கள். நூறு முறை மூடியபின், "இடத்தை மிச்சப்படுத்த மடல்களைச் சுருக்கலாமா?" என்று கேட்கும். எப்போது கேட்கும்? வேலை முடிந்து, கடையை மூடி, வீட்டுக்குப் போகும்போது! "சரி" என்று சொல்லிவிட்டு ஓடுகிற ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் பட்டனை அமுக்கி அணைத்துவிட்டுப் போனவர்களின் மடல்கள் பாதியில் சிதைந்தன. டிபிடி என்ற பின்னொட்டோடு தற்காலிகக் கோப்புகள் அனாதையாகக் கிடந்தன. சுருக்கிய பின் பழைய கோப்பின் பிரதி ஒன்று "பேக்" என்ற பின்னொட்டோடு விண்டோஸின் மறுசுழற்சித் தொட்டிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதாவது, நிரந்தரமாக அழித்ததாக நினைத்தவரின் மடல்கள் அத்தனையும் மேசைப்பரப்பில் இருக்கிற தொட்டியில்! விஸ்டாவோடு அவுட்லுக் எக்ஸ்பிரஸின் கதை முடிந்தது. எக்ஸ்பிக்கான ஆதரவும் 2014 ஏப்ரலில் நின்றது. ஆனால் அந்த டிபிஎக்ஸ் கோப்புகள் எத்தனை பழைய வன்தட்டுகளில் இன்னும் தூங்குகின்றனவோ!

பெரியண்ணன் அவுட்லுக் இருக்கிறாரே, அவர் கதை தனி. பிஎஸ்டி என்ற ஒரே கோப்பில் மடல், முகவரி, நாள்காட்டி எல்லாம். அவுட்லுக் 2002 வரைக்கும் 2 ஜிபிதான் உச்சவரம்பு. அதைத் தாண்டினால் கோப்பு திறக்காது. அதற்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? கோப்பின் ஒரு பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பழுதுபார்க்கும் ஒரு கருவி! தலைவலிக்குத் தலையைக் கொஞ்சம் சீவினால் போயிற்று. 2003 பதிப்பில்தான் புதிய வடிவம் வந்து வரம்பு ஏறியது.

அதே அவுட்லுக்கில், மடலோடு வந்த இணைப்பைச் சேமிக்காமல் நேரடியாகத் திறந்தால், அதன் நகல் ஒன்று ஒளிந்திருக்கும் தற்காலிகக் கோப்புறை ஒன்றுக்குப் போகும். பழைய பதிப்புகளில் அதன் பெயர் "ஓஎல்கே" என்று ஆரம்பித்து ஏதோ கிறுக்கலாக முடியும். இணைப்பைத் திறந்துவைத்தபடியே அவுட்லுக்கை மூடினால் நகல் அங்கேயே தங்கிவிடும். மடலை அழித்தாலும் நகல் போகாது. ஒரே பெயரில் இப்படி நகல்கள் சேர்ந்து 99-ஐத் தாண்டினால், "கோப்பை உருவாக்க முடியவில்லை" என்று பிழை வரும். "இன்வாய்ஸ்" என்ற பெயரில் தினம் ஒரு பில் வருகிற அலுவலகத்தில் இது எத்தனை நாளில் நடக்கும் என்பதை வணிகவியல் படிக்கிறவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பிழைச்செய்தி வந்த பிறகுதான் பலருக்கும் அப்படி ஒரு கோப்புறை இருப்பதே தெரிந்தது.

தண்டர்பேர்டாவது திறந்த புத்தகம். நோட்பேடில் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். இவர்களுடையது பூட்டிய பெட்டி. ஆனால் திறந்த புத்தகமோ பூட்டிய பெட்டியோ, பயனரிடம் சொன்னது ஒரே பொய்தான்: "நீக்கப்பட்டது".

சால்ஜாப்புகள்

வழக்கமாக மூன்று பதில்கள் வரும்.

முதலாவது, வேகம். ஒரு மடலை அழிக்க ஒரு ஜிபி கோப்பை முழுக்கத் திருப்பி எழுத முடியுமா? நியாயம்தான். வன்தட்டுகள் மாட்டுவண்டியாக இருந்த 1990களில் இதைத் தவிர வேறு வழியில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் மாற்று வழி அப்போதே வந்துவிட்டது. டேனியல் பெர்ன்ஸ்டைன் தன் க்யூமெயிலோடு கொண்டுவந்த மெயில்டிர் வடிவத்தில் ஒரு மடலுக்கு ஒரு கோப்பு. அழித்தால் அந்தக் கோப்பு மட்டும் போகும். சுருக்குவதும் வேண்டாம், தற்காலிக எச்சமும் வேண்டாம். தண்டர்பேர்டே 2015-ல் 38-ஆம் பதிப்பில் இதைத் தேர்வாகக் கொடுத்தது. ஆனாலும், தானாக அமைவது எம்பாக்ஸ்தான். மாற்றுவதற்கு அமைப்புகளுக்குள் போய்த் தேட வேண்டும்.

இரண்டாவது, பாதுகாப்பு. தவறுதலாக அழித்ததை மீட்க இது உதவுகிறதாம். உண்மை! சுருக்கப்படாத எம்பாக்ஸில் அந்த 0009-ஐத் திருத்தி, செத்த மடலை எழுப்பியவர்கள் உண்டு. அவர்களுக்கு அது வரப்பிரசாதம். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் குப்பைத்தொட்டி என்று ஒன்றை வைத்ததே தவறுதலாக அழிப்பவருக்காகத்தானே? தொட்டிக்கு அடியில் இன்னொரு ரகசியத் தொட்டி எதற்கு? வைத்தால் வையுங்கள், அது இருக்கிறது என்று சொல்லிவிட்டு வையுங்கள். சொல்லாமல் விரித்த வலைக்குப் பாதுகாப்பு வலை என்று பெயரில்லை. அதில் வேண்டியவன் விழுந்து பிழைக்கலாம், வேண்டாதவன் கையிலும் அது சிக்கலாம்.

மூன்றாவது, கையேடு. "எல்லாம் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறதே, பயனர் படிக்கக் கூடாதா?" இதுதான் கோபம் வரவழைக்கிற பதில். கட்டளையின் பெயரையே பாருங்கள். காம்பாக்ட்! அந்தச் சொல்லைக் கேட்டால் ஜிப் மாதிரி ஏதோ மடல்களை இறுக்கிக் கட்டுவது போலத் தோன்றுகிறது. ஜாக்கிரதையான ஆள் என்ன செய்வார்? "எதற்கு வம்பு, இருக்கிற மடல் கெட்டுப்போனால்?" என்று தொடமாட்டார். "இதுவரை நீக்கியவற்றை இப்போதுதான் உண்மையில் நீக்கப் போகிறேன்" என்று அந்தப் பெயரில் எங்கேயாவது இருக்கிறதா? பெயரைத் தப்பாக வைத்துவிட்டு, புரியாதவனை முட்டாள் என்பது எந்த ஊர் நியாயம்?

வெறும் இடப்பிரச்சினை இல்லை

நாலு ஜிபி போனால் போகிறது, வன்தட்டுதான் இப்போது மலிவாயிற்றே என்று தோன்றலாம். பிரச்சினை இடம் இல்லை. எஞ்சியது யார் கையில் போய்ச் சேருகிறது என்பதுதான்.

அமெரிக்காவில் எம்ஐடி மாணவர்கள் சிம்சன் கார்ஃபிங்கெல், அபி ஷெலட் இருவரும் 2000-க்கும் 2002-க்கும் இடையில் பழைய சந்தையில் 158 வன்தட்டுகளை வாங்கி ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2003-ல் வெளியாயின. வேலை செய்த 129-ல், ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12! மற்றவற்றில் கடன் அட்டை எண்கள், சொந்த மடல்கள், மருத்துவத் தகவல்கள் என்று கிடைத்தன. அந்த வன்தட்டுகளை விற்றவர்கள் எல்லோரும் அலட்சியப் பேர்வழிகளா? பலர் அழித்திருந்தார்கள், ஃபார்மட் கூடச் செய்திருந்தார்கள். திரை சொன்னதை நம்பினார்கள்.

வணிகவியல் மாணவர்களுக்கு என்ரான் கதையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2001-ல் கவிழ்ந்த கம்பெனி. அதைத் தணிக்கை செய்த ஆர்தர் ஆண்டர்சன் ஆவணங்களை அழித்ததாக 2002-ல் தண்டிக்கப்பட்டு, அந்தத் தீர்ப்பை 2005-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது காப்பாற்றுவதற்குக் கம்பெனியே மிச்சமில்லாமல் போயிருந்தது. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் வரும். வராத ஒன்று இருக்கிறது. விசாரணையின்போது கையகப்படுத்திய மடல்களை அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2003-ல் பொதுவில் வெளியிட்டது. சுமார் 150 பேரின் சுமார் 5 லட்சம் மடல்கள் ஆராய்ச்சியாளர்களுக்காகத் தொகுக்கப்பட்டு, இன்றும் எவரும் இறக்கிப் பார்க்கும்படி இருக்கின்றன. அந்தத் தொகுப்பில் ஒவ்வொருவர் பெயரிலும் அடைவுகள் உண்டு. அவற்றில் பலவற்றில் இருக்கும் ஓர் அடைவின் பெயர் என்ன தெரியுமா? "நீக்கப்பட்டவை"!

திருடியவன் மடல் வெளியே வந்தால் யாரும் அழப்போவதில்லை. ஆனால் அந்த 150 பேரில் எந்தக் குற்றமும் சுமத்தப்படாதவர்களே அதிகம். குடும்ப விஷயமும், நண்பர்களோடு அடித்த அரட்டையும், உலகத்துக்கே பாடமாகிவிட்டது. "நீக்கு" என்ற பொத்தானை அவர்களும் அமுக்கியிருந்தார்கள்.

இன்னும் பின்னால் போனால், 1986-ல் ஈரான்-கான்ட்ரா விவகாரத்தில் ஆலிவர் நார்த்தும் ஜான் பாயின்டெக்ஸ்டரும் வெள்ளை மாளிகையின் கணினி மடல்களை அழித்தார்கள். காப்பு நாடாக்களிலிருந்து அவை மீண்டும் வந்தன. அங்கே எஞ்சியது நாட்டுக்கு நல்லதாயிற்று என்று வாதிடலாம். சரிதான். அங்கே அது அரசாங்கத்தின் பதிவேடு. அரசாங்கப் பதிவேட்டை அழிக்க எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை. ஆனால் ஒரு பெண் தன் மருத்துவரின் அறிக்கையைத் தன் கணினியிலிருந்து அழிக்க நினைப்பது அவளுடைய உரிமை. ஆய்வகத்தில் நாற்பது பேர் மாறி மாறி உட்காரும் கணினியில் ஒரு மாணவன் தன் மடலை அழித்துவிட்டு எழுந்து போவதும் உரிமைதான். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

பேரேட்டில் இருக்கும் நேர்மை

கணக்குப் பதிவியலில் அழித்தல் என்ற பேச்சே கிடையாது. தவறாக எழுதிவிட்டால் ரப்பர் போட்டுத் தேய்க்கக் கூடாது. திருத்தப் பதிவு போட வேண்டும். தவறும் தெரிய வேண்டும், திருத்தமும் தெரிய வேண்டும். கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்தின் தடமும் பதிவாக வேண்டும், அதை அணைக்கவும் முடியக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஆக, எதுவும் அழியாமல் இருப்பதே தப்பு என்று யாரும் சொல்லவில்லை. பேரேட்டில் அழியாது என்பது எழுதுகிறவருக்குத் தெரியும், தணிக்கையாளருக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். யாரும் ஏமாறவில்லை. மின்னஞ்சல் மென்பொருளில் அது தெரிந்தது எழுதியவருக்கு மட்டும். இதே வேலையை ஒரு கணக்குப்பிள்ளை செய்து, "அந்தப் பதிவை எடுத்துவிட்டேன் ஐயா" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, மேலே ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்து வைத்திருந்தால் என்ன பெயர் வைப்பார்கள்? அதே பெயர்தான் இதற்கும்.

சரி, குமாஸ்தா என்ன செய்ய வேண்டும்?

திட்டிக்கொண்டே இருந்தால் சி டிரைவ் வெளுக்காது. தண்டர்பேர்ட் வைத்திருப்பவர்களுக்கு வழி இது:

1. முதலில் காப்புப்பிரதி. உதவி மெனுவில் பிரச்சினை தீர்க்கும் தகவல் பக்கத்தைத் திறந்தால், புரொஃபைல் கோப்புறையைத் திறக்கும் பொத்தான் இருக்கும். இடத்தைக் குறித்துக்கொண்டு, தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்தக் கோப்புறை முழுவதையும் வெளி வன்தட்டு ஒன்றில் நகல் எடுக்கவும்.

2. "இன்பாக்ஸ்" என்ற பின்னொட்டில்லாத பெரிய கோப்பைக் கண்டு, "இதுதான் குப்பை போலிருக்கிறது" என்று அழித்துவிடக் கூடாது. மொத்த மடலும் அதில்தான். அழித்தாலும் பாதகமில்லாதது எம்எஸ்எஃப் அட்டவணைதான். அது மறுபடி தானாக உருவாகிவிடும்.

3. "என்எஸ்டிஎம்பி" அடைவுகளைத் திறந்து பார்க்கவும். உள்ளே இருப்பவை இன்பாக்ஸிலும் இருக்கின்றனவா என்று சரிபார்க்கவும். இன்பாக்ஸில் இல்லாதது ஏதாவது இருந்தால் இன்பாக்ஸுக்கு நகர்த்தவும். அதன் பிறகு தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்தக் கோப்பையும் அதன் எம்எஸ்எஃப்பையும் அழிக்கவும்.

4. வன்தட்டில் போதிய இடம் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, கோப்பு மெனுவில் அடைவுகளைச் சுருக்கச் சொல்லவும். முடியும்வரை வேறு எதையும் தொட வேண்டாம். யுபிஎஸ் இருந்தால் நல்லது. வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் புரொஃபைல் கோப்புறைக்குள் மூக்கை நுழைக்காதபடி விலக்கு கொடுத்தால் பாதித் தொல்லை தீரும்.

5. அமைப்புகளில், இத்தனை எம்பி மிச்சமாகும் என்றால் தானாகச் சுருக்கு என்று ஒரு தேர்வு உண்டு. அது இயக்கத்தில் இருக்கட்டும்.

6. பாப் கணக்கு என்றால், "சர்வரிலும் ஒரு பிரதி வை" என்ற தேர்வைப் பார்க்கவும். இங்கே அழித்தது அங்கே இருக்கலாம். ஐமேப் கணக்கிலும் "நீக்கியதாகக் குறியிடு" என்பது வேறு, உண்மையில் களைவது வேறு. வெளியேறும்போது களையச் சொல்லும் தேர்வு கணக்கின் அமைப்பிலேயே இருக்கிறது.

7. கணினியை விற்பதாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் போதாது. அழித்த கோப்புகளையும் வன்தட்டிலிருந்து மீட்டெடுக்க முடியும். வன்தட்டை முழுக்கத் துடைக்கவும், அல்லது கழற்றி எடுத்துக்கொண்டு மிச்சத்தை விற்கவும்.

ஏழு படிகள்! ஒரு மடலை அழிக்க! "நீக்கு" என்ற பொத்தானை ஏற்கெனவே அமுக்கிய பிறகு!

எழுதுகிறவர்கள் செய்ய வேண்டியது

ஐந்து நிமிட வேலை சிலது இருக்கிறது. "காம்பாக்ட்" என்ற பெயரை மாற்றுங்கள். "நீக்கிய மடல்களை நிரந்தரமாக அகற்று" என்று பச்சையாக எழுதுங்கள். ஒவ்வோர் அடைவுக்கும் பக்கத்தில், நீக்கியும் போகாமல் கிடப்பது எத்தனை எம்பி என்று காட்டுங்கள். குப்பைத்தொட்டியைக் காலி செய்யும்போது, மூல அடைவில் இருக்கிற அசலையும் அகற்றவா என்று கேளுங்கள். நீங்களே உருவாக்கிய தற்காலிகக் கோப்பை அடுத்தமுறை எழும்போது நீங்களே அடையாளம் கண்டு, பயனரிடம் கேட்டுச் சுத்தம் செய்யுங்கள். கொஞ்சம் பெரிய வேலை ஒன்றும் உண்டு. ஒரு மடலுக்கு ஒரு கோப்பு என்பதை முழுதாகச் செய்து முடித்து, அதையே முதல் தேர்வாக வையுங்கள்.

தண்டர்பேர்ட் மீதுதான் இந்தக் கோபம் அதிகம் என்றால் காரணம் இருக்கிறது. அது மக்கள் தரும் நன்கொடையில் ஓடுகிற மென்பொருள். 2012-ல் மோசில்லாவே கைகழுவப் பார்த்தபோது தாங்கிப் பிடித்தது தன்னார்வலர்கள்தான். அந்நியன் பொய் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம், வீட்டுப் பிள்ளை சொன்னால் காதைத் திருகத்தான் தோன்றும்.

அந்தக் குமாஸ்தா இப்போதும் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பழைய கணினியை விற்றுவிடலாம் என்ற யோசனை அவருக்குப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. நாலாயிரம் மடல்களையும்தான் அழித்தாயிற்றே, பயமென்ன? யாராவது போய் அவரிடம் சொல்லுங்கள். அந்த நாலாயிரத்திலும் பான் எண் இருக்கிறது, வங்கிக் கணக்கு எண் இருக்கிறது, எல்லாம் மற்றவர்களுடையது. அவற்றைப் பத்திரமாக வைத்திருப்பார் என்று நம்பி அனுப்பியவர்களுடையது.